சாப்பிடுவது உடம்பில் ஒட்டவில்லையா?

வாசகியின் கடிதம்:

"டாக்டர், எனக்கு 34 வயது. உயரம் 158 செ.மீ., எடை 47 கிலோ. ஐந்து வருடமாக இதே எடைதான். மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிடுகிறேன். கீரை, பருப்பு, முட்டை, பால் எல்லாம் உண்டு. மீனும் இறைச்சியும் சாப்பிடுவதில்லை. ஆனாலும் ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்ட பிறகும் 9.9தான். வெறும் வயிற்றில் குமட்டுவதால் காலைச் சாப்பாடு முடிந்ததும் டீயோடு சேர்த்து மாத்திரையைப் போடுவேன். சாப்பிட்ட பத்தாவது நிமிடம் கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. சாப்பிட்டது அப்படியே வெளியே போய்விடுகிறதோ என்று பயமாக இருக்கிறது. சில நாள் தக்காளித் தோல், மக்காச்சோள மணி எல்லாம் முழுசாகவே தெரிகிறது. நெஞ்செரிச்சலுக்காக இரண்டு வருடத்துக்கு மேலாக நானே கடையில் வாங்கி தினமும் ஒரு அசிடிட்டி மாத்திரை போடுகிறேன். சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் வயிற்று அமிலம் நீர்த்துவிடும், சாப்பாட்டோடு பழம் சாப்பிட்டால் அது வயிற்றிலேயே அழுகும் என்று தோழிகள் சொன்னதால் இரண்டையும் விட்டுவிட்டேன். ஒருவர் என்சைம் பவுடர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? 'நீ சாப்பிடுவது உடம்பில் ஒட்டவே மாட்டேன் என்கிறது' என்று பார்ப்பவர்கள் எல்லாம் சொல்லும்போது அழுகைதான் வருகிறது."

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பயத்தைப் பார்ப்போம், மற்றதை அப்புறம் பேசலாம். சாப்பிட்ட பத்தாவது நிமிடம் வெளியே போவது அந்த வேளைச் சாப்பாடு இல்லை. அது நேற்று சாப்பிட்டது. முந்தாநாள் சாப்பிட்டதாகக்கூட இருக்கலாம்.

உணவு விழுந்து இரைப்பை விரிந்த உடனே, நரம்புகள் வழியாகவும் ஹார்மோன்கள் வழியாகவும் பெருங்குடலுக்குச் செய்தி போகிறது. பெருங்குடல் இறுகி, தன்னிடம் ஏற்கெனவே இருப்பதைக் கீழே தள்ளுகிறது. எல்லா மனிதருக்கும் இந்த அனிச்சைச் செயல் உண்டு. பால் குடித்த கையோடு குழந்தை மலம் கழிப்பதும் இதனால்தான். சிலருக்கு இது லேசாக இருக்கும், கவனத்துக்கே வராது. உங்களைப் போன்ற சிலருக்குப் பலமாக இருக்கும். கொழுப்பு அதிகமான சாப்பாடு, பதற்றம், காலையின் முதல் உணவு ஆகியவை இதைக் கூட்டும்.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு வாரம் மக்காச்சோளத்தை நிறுத்துங்கள். பிறகு ஒருநாள் மதியம் ஒரு கைப்பிடி சாப்பிட்டு நேரத்தைக் குறித்து வையுங்கள். அந்த மணிகள் மறுபடி எப்போது கண்ணில் படுகின்றன என்று பாருங்கள். அநேகமாக ஒரு நாளாவது ஆகும், இரண்டு நாள்கூட ஆகலாம். திட உணவு இரைப்பையில் 2 முதல் 4 மணி நேரம் தங்கும். சிறுகுடலைக் கடக்க இன்னும் 3 முதல் 6 மணி நேரம். மீதி நேரமெல்லாம் பெருங்குடலில்தான் கழிகிறது. எவ்வளவு அவசரமாகக் கழிவறைக்குப் போனாலும், சத்தை உறிஞ்சும் வேலை நடக்கும் சிறுகுடலை அந்த அவசரம் அவ்வளவாகத் தொடுவதில்லை.

மக்காச்சோள மணி முழுசாகத் தெரிவதற்கும் பதில் இருக்கிறது. மக்காச்சோளத்தின் தோலும் தக்காளியின் தோலும் செல்லுலோஸ் போன்ற நார்ப்பொருள்களால் ஆனவை. அவற்றை உடைக்கும் நொதி (என்சைம்) மனித உடம்பில் இல்லவே இல்லை. நன்றாக மென்று தின்றால் உள்ளே இருக்கும் மாவு எடுத்துக்கொள்ளப்பட்டு, வெறும் தோல் மட்டும் போகும். பார்வைக்கு அது முழு மணி போலவே இருக்கும். மெல்லாமல் விழுங்கினால் மாவும் சேர்ந்து போகும். உடம்பு தோற்றுப்போனதற்கான அடையாளமாக அதைப் பார்க்க வேண்டாம்.

சரி, இப்போது அந்த "ஒட்டுவது" என்ற சொல்லுக்கு வருகிறேன். எத்தனையோ மருத்துவச் சொற்களைவிட இது உண்மைக்கு நெருக்கமான சொல் என்று எனக்குத் தோன்றும். வாயில் தொடங்கி ஆசனவாய் வரை நம் உடம்பின் நடுவே ஓடுவது ஒரு நீண்ட குழாய். அதற்குள் இருக்கும்வரை உணவு இன்னும் உடம்புக்கு வெளியேதான் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். குழாயின் உட்சுவரில் ஒரே ஒரு செல் பருமனுள்ள ஒரு படலம் இருக்கிறது. அதைத் தாண்டினால்தான் உணவு உங்களுடையது. செரிமானம் என்பது அந்தப் படலத்தைத் தாண்டும் அளவுக்கு உணவைச் சிறிதாக்கும் வேலை. தாண்டுவதுதான் உறிஞ்சுதல். இரண்டும் வேறு வேறு என்று பிரித்துப் பார்த்தால், உங்கள் சிக்கல் எங்கே இருக்கலாம் என்று தேடுவது சுலபமாகிவிடும்.

வாயில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பல் நொறுக்குகிறது, உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கத் தொடங்குகிறது. ஒரு வாய் ரொட்டியையோ சோற்றையோ ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருந்தால் இனிப்புத் தட்டும். அந்த இனிப்பு, மாவு சர்க்கரையாக மாறுவதன் ருசி.

செரிமானம் என்றாலே எல்லோரும் இரைப்பையைத் தொட்டுக் காட்டுவார்கள். ஆனால் இரைப்பை முக்கியமாக ஒரு சேமிப்புப் பை, ஓர் அரைவைக் கூடம். அமிலத்தால் கிருமிகளைக் கொல்கிறது, புரதத்தின் மடிப்புகளை அவிழ்க்கிறது. பெப்சின் என்ற நொதி புரதத்தை முரட்டுத் துண்டுகளாக வெட்டுகிறது. உணவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துகள்களாகக் குழையும்வரை அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குள் விடுகிறது. புற்றுநோய்க்காக இரைப்பை முழுவதையும் எடுத்துவிட்டவர்கள்கூட, சிறிது சிறிதாகப் பல வேளை சாப்பிட்டு வாழ்கிறார்கள். சிறுகுடலின் பெரும்பகுதியை இழந்தவர்கள் அப்படி வாழ முடியாது. பலருக்கு ரத்தக்குழாய் வழியாகவே உணவு ஏற்ற வேண்டியிருக்கும். நாம் சாப்பிடுவது நமக்குக் கிடைக்கிறதா இல்லையா என்பது முடிவாகும் இடம் சிறுகுடல்தான்.

அதன் முதல் பகுதியான முன்சிறுகுடலின் நீளம் சுமார் 25 செ.மீ. அமிலத்தோடு வரும் கூழை அங்கே கணைய நீர் சந்திக்கிறது. அதில் இருக்கும் பைகார்பனேட் அமிலத்தைச் சமன் செய்கிறது. மாவுக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, புரதத்துக்குப் பல என்று வீரியமான நொதிகளும் அதில் வருகின்றன. கல்லீரலில் இருந்து வரும் பித்தநீர், எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்யும் வேலையைச் செய்கிறது; கொழுப்பை நுண்துளிகளாக உடைத்து நொதிக்குப் பிடிகொடுக்க வைக்கிறது.

அப்புறம் அந்தச் சுவர். குடலின் உட்புறம் மடிப்பு மடிப்பாக இருக்கும். மடிப்புகள் மேல் விரல் விரலாக, அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் உயரத்தில், குடலுறிஞ்சிகள் நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொரு உறிஞ்சியையும் மூடியிருக்கும் செல்களின் தலையில் இன்னும் நுண்ணிய மயிர் போன்ற நீட்சிகள். இதை எல்லாம் விரித்துப் போட்டால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பழைய பாடப்புத்தகங்களில் படித்திருப்பீர்கள். 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மறுபடி அளந்து பார்த்து, செரிமானப் பாதை முழுவதும் சேர்த்தே சுமார் 32 சதுர மீட்டர்தான் என்று சொன்னார்கள். பாதி பேட்மின்டன் மைதானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கும் ஒரு குழாய்க்கு அதுவே வியக்க வேண்டிய பரப்பு. அந்தச் செல்கள் ஒவ்வொன்றும் 3 முதல் 5 நாள்வரைதான் வாழும். போன வாரம் உங்கள் உணவை எடுத்துக்கொடுத்த செல்களில் ஒன்றுகூட இன்று அநேகமாக அங்கே இல்லை. இந்தத் தகவலை நினைவில் வையுங்கள், இரும்பைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

ஒவ்வொரு சத்தும் இந்தச் சுவரைத் தன் வழியில் தாண்டுகிறது. குளுக்கோஸ் உப்பிலுள்ள சோடியத்தோடு கைகோத்துத்தான் உள்ளே போகிறது. இதை 1960இல் பிராகில் நடந்த கூட்டத்தில் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி முன்வைத்தார். வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் வேலை செய்வதன் அடிப்படையே இதுதான். புரதம் தனித்தனி அமினோ அமிலங்களாகவும், இரண்டு மூன்று சேர்ந்த சிறு துண்டுகளாகவும் நுழைகிறது. இவை இரண்டும் ரத்தத்தில் கலந்து நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பு மட்டும் அந்த வழியில் போகாது. செல்லுக்குள் மறுபடி கோக்கப்பட்டு, புரத உறை போர்த்தி, நிணநீர்க் குழாய் வழியே மார்பைக் கடந்து, இடது தோளுக்கு அருகில் ஒரு பெரிய சிரையில்தான் ரத்தத்தோடு சேர்கிறது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் இந்தக் கொழுப்போடு ஒட்டிக்கொண்டு பயணிப்பவை. அதனால்தான் கீரையைச் சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைக்கச் சொல்கிறோம்.

ஆரோக்கியமான குடல் சாப்பிட்ட கொழுப்பில் 95 சதவீதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மாவும் புரதமும் கிட்டத்தட்ட அதே அளவில் உள்ளே போய்விடும். இந்த உறுப்பு வீணடிக்கத் தெரியாத உறுப்பு. இப்போது உங்கள் எடையைப் பாருங்கள். 158 செ.மீ. உயரத்துக்கு 47 கிலோ என்றால் உடல் நிறைக் குறியீடு 18.8. ஆரோக்கிய வரம்பு 18.5இல் தொடங்குகிறது. நீங்கள் ஒல்லியானவர், ஆனால் வரம்புக்கு உள்ளேதான் இருக்கிறீர்கள். அதைவிட முக்கியம், ஐந்து வருடமாக எடை குறையவில்லை. சாப்பிட்ட சத்து நிஜமாகவே பெரிய அளவில் வெளியே போயிருந்தால் எடை இறங்கிக்கொண்டே வந்திருக்கும். மலம் வெளிறி, எண்ணெய்ப் படலத்தோடு, கடும் நாற்றத்துடன், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படி எதையும் நீங்கள் எழுதவில்லை. ஆகவே, 'ஒட்டவில்லை' என்று சொல்கிறவர்கள் பார்ப்பது உங்கள் உடல்வாகைத்தான். அதற்காக நீங்கள் அழ வேண்டாம்.

என் கவலை அந்த 9.9 மேல்தான்.

கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. இரும்புக் குறைவால் வந்த ரத்தசோகை என்றால், மாத்திரை சரியாக உள்ளே போனால் ஒரு மாதத்தில் 1 முதல் 2 கிராம் வரை ஏற வேண்டும். உங்களுக்கு மூன்று மாதத்தில் அரை கிராம். "சரி, இன்னும் மூன்று மாதம் போடுங்கள்" என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. காரணத்தைத் தேட வேண்டும்.

இரும்பு மற்ற சத்துகளைப் போல இல்லை. தேவைக்கு மேல் வந்த சர்க்கரையை உடம்பு கொழுப்பாக்கி வைக்கும். மிகுந்த உப்பைச் சிறுநீரில் தள்ளும். இரும்பை வெளியேற்ற மட்டும் உடம்பிடம் தனி வழியே கிடையாது. அதனால் கட்டுப்பாடு முழுக்க நுழைவாயிலில் இருக்கிறது. ஒரு நாள் உணவில் 10 முதல் 20 மில்லிகிராம் இரும்பு இருக்கலாம். அதில் 1 அல்லது 2 மில்லிகிராம்தான் முன்சிறுகுடலின் சுவரைத் தாண்டும். கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் அந்தக் கதவின் பூட்டு. உடம்பில் இரும்பு போதுமானால் ஹெப்சிடின் ஏறும், கதவு மூடும். மூடியபின் குடல் செல்லுக்குள் ஏற்கெனவே வந்த இரும்பு அங்கேயே தங்கிவிடும். அந்தச் செல் மூன்று நாலு நாளில் உதிரும்போது அதோடு மலத்தில் போய்விடும். செல்களின் குறுகிய ஆயுளை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தாலும் இதே கதவு மூடிக்கொள்ளும். இரும்பு குறைவாக இருந்தால் ஹெப்சிடின் இறங்கி, கதவு அகலத் திறக்கும். உங்கள் கதவு இப்போது திறந்துதான் இருக்க வேண்டும்.

அப்படியானால் தடை எங்கே? உங்கள் கடிதத்திலேயே இரண்டு இருக்கின்றன.

முதலாவது டீ. கீரை, பருப்பு, முட்டை ஆகியவற்றில் இருக்கும் இரும்பும், உங்கள் மாத்திரையில் இருக்கும் இரும்பும் எளிதில் பிற பொருள்களோடு பிணைந்துகொள்ளும் வகை. டீயிலும் காபியிலும் உள்ள பாலிஃபீனால்கள் அதைப் பிடித்து, சுவரைத் தாண்ட முடியாத கட்டிகளாக்கிவிடும். பாலில் உள்ள கால்சியமும் ஓரளவு தடுக்கும். இறைச்சி, மீனில் உள்ள ஹீம் வகை இரும்புக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆனால் நீங்கள் அவற்றைச் சாப்பிடுவதில்லை. அதற்காகச் சாப்பிடத் தொடங்க வேண்டியதில்லை. மாத்திரையை டீயோடு போடுவதை நிறுத்துங்கள், அது போதும். டீயைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒன்று, ஒன்றரை மணி நேரமாவது தள்ளி வைத்துக் குடியுங்கள்.

இரண்டாவது அசிடிட்டி மாத்திரை. இந்த வகை இரும்பு கரைந்து, உள்ளே போகக்கூடிய வடிவத்துக்கு மாற அமிலம் வேண்டும். ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் வகை மாத்திரைகள் அந்த அமிலத்தையே பெருமளவு நிறுத்திவிடுகின்றன. அவை நல்ல மருந்துகள். புண் உள்ளவர்களுக்கு உயிர் காப்பவை. ஆனால் யாரும் பார்க்காமல், எதற்கு என்று கண்டுபிடிக்காமல், இரண்டு வருடம் நீங்களாகவே போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே நேரம், இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடவும் வேண்டாம். சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகப் பொங்கி, நெஞ்செரிச்சல் சில வாரம் கடுமையாக இருக்கும். மருத்துவரைப் பார்த்துப் படிப்படியாகக் குறையுங்கள்.

அமிலத்தைக் குறைப்பதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, பி12. இதன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1920களின் இறுதியில் பாஸ்டனில் வில்லியம் காசில் என்ற இளம் மருத்துவர், ஒருவகைக் கொடிய ரத்தசோகை நோயாளிகளுக்கு மாட்டிறைச்சி மட்டும் கொடுத்துப் பார்த்தார், பலனில்லை. பிறகு தானே இறைச்சியைச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தன் இரைப்பையில் இருந்து அதை வெளியே எடுத்து, பதப்படுத்திக் குழாய் வழியாக அவர்களுக்குக் கொடுத்தார். ரத்தம் ஊறத் தொடங்கியது. ஆரோக்கியமான இரைப்பையில் இருக்கும் ஏதோ ஒன்று அவர்களிடம் இல்லை என்று தெரிந்தது. இரைப்பைச் சுரப்பிகள் தரும் ஒரு புரதம் அது. பி12 அந்தப் புரதத்தின் துணையோடு சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை போய், அங்கேதான் உள்ளே ஏற்கப்படுகிறது. இரைப்பை எடுக்கப்பட்டவர்களுக்குப் பி12 ஊசி போடுவது இந்தப் புரதம் இல்லாமல் போவதால்தான். உங்களிடம் அந்தப் புரதம் இருக்கும். ஆனால் உணவிலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். உங்களுக்குப் பி12 வரும் வழியோ பாலும் முட்டையும் மட்டுமே. கல்லீரல் சில வருடங்களுக்கான பி12ஐச் சேமித்து வைத்திருக்கும் என்பதால் குறைவு மெதுவாகத்தான் வெளியே தெரியும். அதனால் அதையும் பரிசோதிக்கச் சொல்கிறேன்.

இந்த இரண்டும் போக, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விஷயத்தைக் கேட்க வேண்டும். மாதவிடாய் எப்படி இருக்கிறது? ஏழு நாளுக்கு மேல் போகிறதா, ஓரிரு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா? என்னிடம் ரத்தசோகையோடு வரும் பெண்களில் பலர் இதைச் சொல்லவே மாட்டார்கள், கேட்டால்தான் வரும். எனக்கு எப்போதும் இப்படித்தான் என்பார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு மாதவிடாயில் 80 மில்லி போனால் 40 மில்லிகிராம் இரும்பு போகிறது. அதை ஈடுகட்ட, வழக்கமான தேவைக்கு மேல், தினமும் கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிகிராம் இரும்பு கூடுதலாக உள்ளே வர வேண்டும். ஒரு நாளில் மொத்தமாகத் தாண்டுவதே 1 அல்லது 2 மில்லிகிராம் என்று மேலே சொன்னேன். உங்கள் வயதில் இரும்புக் குறைவுக்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். ஒட்டவில்லை என்று இத்தனை நாள் நீங்கள் நினைத்தது, ஒட்டியது ஒழுகிப்போவதாகவும் இருக்கலாம்.

இப்போது சுவரையே பாதிக்கும் இரண்டு நோய்களைச் சொல்கிறேன். பயமுறுத்துவதற்காக இல்லை, எளிய பரிசோதனையில் தெரிந்துவிடும் என்பதால் சொல்கிறேன். ஒன்று சீலியாக் நோய். கோதுமை, பார்லி போன்றவற்றில் இருக்கும் குளூட்டனால் உடம்பின் எதிர்ப்பாற்றலே குடலுறிஞ்சிகளைத் தாக்கி மழுங்கடிக்கும். உலக அளவில் சுமார் நூறில் ஒருவருக்கு இது இருக்கிறது. முதலில் அடிபடுவது முன்சிறுகுடல். இரும்பு நுழைவதும் அங்கேதான். அதனால் வயிற்றுப்போக்கே இல்லாமல், இரும்பு ஏறாத ரத்தசோகை மட்டுமே அதன் ஒரே அறிகுறியாக இருப்பதுண்டு. டிடிஜி ஆன்டிபாடி என்ற ரத்தப் பரிசோதனை இதற்கு உண்டு. ஒரு முக்கியமான வேண்டுகோள்: பரிசோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் ஆன்டிபாடி குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடும்.

இன்னொன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமி. இதைக் கண்டுபிடித்ததற்காக பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இரைப்பைப் புண்ணுக்கு மட்டுமல்ல, ஏறாத இரும்புக்கும் இது காரணமாகலாம். மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ தெரியும். அதற்கு இரண்டு வாரம் முன்பே, மருத்துவர் சொன்னபடி, அசிடிட்டி மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் முடிவு தவறாக வரலாம். பரிசோதனை செய்பவரிடம் நீங்கள் என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று மறக்காமல் சொல்லுங்கள்.

தோழிகள் சொன்னதற்கு வருகிறேன். ஒரு நாளில் நாம் குடிப்பது ஏறக்குறைய 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் நீர் என்று உடம்பே குழாய்க்குள் விடுவது சுமார் 7 லிட்டர். இந்த 9 லிட்டரில் மலத்தோடு போவது 100, 200 மில்லிதான். மற்றதெல்லாம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. இவ்வளவு நீரைக் கையாளும் இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஒன்றையும் கெடுக்காது. தண்ணீர் இரைப்பையை விட்டுச் சீக்கிரம் இறங்கிவிடும், அமிலமும் தேவைக்கு ஏற்றபடி மறுபடி சுரக்கும். தாகமெடுத்தால் சாப்பிடும்போதே குடியுங்கள்.

பழம் அழுகும் என்பதும் தவறு. அவ்வளவு அமிலத்தில் எதையாவது அழுக வைக்கும் கிருமிகள் பெருக வழியில்லை. உங்கள் விஷயத்தில் இந்த அறிவுரை கெடுதலே செய்திருக்கிறது. ஆரஞ்சு, கொய்யா, எலுமிச்சை போன்றவற்றில் உள்ள வைட்டமின் சி, தாவர உணவின் இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைத்து, நுழையக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. அது சாப்பாட்டோடு சேர்ந்து வயிற்றில் இருந்தால்தான் வேலை செய்யும். தோழிகள் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் உங்களுக்கு உதவும் பழத்தைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, தடுக்கும் டீயை அருகிலேயே விட்டுவிட்டீர்கள். இன்றிலிருந்து இரண்டையும் இடம் மாற்றுங்கள்.

என்சைம் பவுடர் வேண்டாம். கணையம் உண்மையிலேயே பழுதானவர்களுக்குக் கணைய நொதி மாத்திரையை மருத்துவர்கள் எழுதித் தருகிறோம். அவர்களுக்கு அது அவசியம். மேலே சொன்ன எண்ணெய்ப் படலம், எடை இறக்கம் எல்லாம் அவர்களிடம்தான் இருக்கும். உங்கள் கணையம் வேலை செய்கிறது என்று உங்கள் எடையே சொல்கிறது. பவுடரில் இரும்பைச் சுவருக்குள் அனுப்பும் எதுவும் இல்லை.

ஒரு வாரத்துக்குள் ஒரு மருத்துவரைப் பாருங்கள். இந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனாலும் நல்லதுதான். ரத்த அணுக்களின் முழுப் பரிசோதனை, ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், தைராய்டு, டிடிஜி ஆன்டிபாடி, பைலோரி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புக் கையிருப்பு. அது 15க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு உறுதி. அது குறையவே இல்லை என்றால் உங்கள் ரத்தசோகைக்குக் காரணம் வேறாக இருக்கலாம். அப்போது இரும்பு மாத்திரையை விட்டுவிட்டு வேறு திசையில் தேட வேண்டியிருக்கும். மாதவிடாய் அதிகம் என்றால் மகப்பேறு மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். அதைக் கட்டுப்படுத்த நல்ல வழிகள் இருக்கின்றன. இவை எதிலும் விடை கிடைக்காவிட்டால் எண்டோஸ்கோப்பி செய்து இரைப்பையையும் முன்சிறுகுடலையும் நேரடியாகப் பார்ப்பார்கள்.

மாத்திரையை எப்போது போடுவது என்றும் மருத்துவரிடம் பேசுங்கள். ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் ஏறி ஒரு நாள் அளவுக்குக் கதவு ஓரளவு மூடியிருக்கும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாக இரும்பு உள்ளே போகிறது, குமட்டலும் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களுக்கு இது பொருந்தலாம். வெறும் வயிற்றில் போட முடியவில்லை என்றால் ஏதாவது ஒரு பழத்தோடு போடுங்கள். வாயால் எடுத்துப் பலனே இல்லை என்று உறுதியானால், குடலைத் தவிர்த்துச் சிரை வழியாகவே இரும்பு ஏற்றும் சிகிச்சையும் இருக்கிறது. ஹீமோகுளோபின் 12ஐத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டாம். கையிருப்பு நிரம்ப அதற்குப் பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும்.

இன்னொன்று. இரும்பு மாத்திரை போடும் நாள்களில் மலம் கறுப்பாகப் போகும். உள்ளே போகாத இரும்பின் நிறம் அது, பயம் வேண்டாம். ஆனால் மாத்திரை போடாத காலத்தில் தார் போலக் கறுத்து, பிசுபிசுவென்று போயிருந்தாலோ, சிவப்பு ரத்தம் கண்டிருந்தாலோ, காரணமில்லாமல் எடை குறையத் தொடங்கினாலோ, இரவுத் தூக்கத்தில் எழுப்பும் வயிற்றுப்போக்கு வந்தாலோ ஒரு வாரம் காத்திருக்காமல் அன்றே போய்ப் பாருங்கள். பரிசோதனை முடிவுகள் வந்ததும் எழுதுங்கள், ஃபெரிட்டின் எண்ணை மறக்காமல் குறிப்பிடுங்கள்.